பைடூரி: நம் நாடு பெயர் வைத்த பெருங்கோள்

தெலுக் இந்தான் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பேராக் என்று உடனே சொல்லிவிடுவோம். ஆனால் இந்தான் என்ற பெயரில் வானத்தில் ஒரு நட்சத்திரமும் இருக்கிறது. அதைப் பெரிய கோள் ஒன்று சுற்றி வருகிறது. அந்தக் கோளின் பெயர் பைடூரி. இரண்டு பெயரையும் வைத்தது நம் மலேசியாதான்.

அனைத்துலக வானியல் ஒன்றியம் 1919-இல் தொடங்கியது. 2019-இல் நூறாவது ஆண்டு வந்தபோது ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நட்சத்திரத்தையும் அதைச் சுற்றும் ஒரு கோளையும் கொடுத்து, "நீங்களே பெயர் வையுங்கள்" என்று சொன்னார்கள். 112 நாடுகள் கலந்துகொண்டன. அந்த ஆண்டு டிசம்பரில் முடிவு வந்தது. அதுவரை எச்டி 20868 என்று வெறும் எண்ணாக இருந்த நட்சத்திரம் இந்தான் ஆனது. மலாயில் இந்தான் என்றால் வைரம், பைடூரி என்றால் ஓப்பல் கல். சிங்கப்பூர் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்கும் ஒன்று உண்டு. நட்சத்திரம் பாரும்லியோ, கோள் விகுலஸ். லத்தீனில் 'குட்டிச் சிங்கம்', 'சிறிய கிராமம்' என்று அர்த்தம். அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

பைடூரி என்ற சொல்லைக் கொஞ்சம் வாயில் சொல்லிப் பாருங்க. நமக்குத் தெரிந்த சொல் மாதிரி இல்லையா? வைடூரியம்தான் அது. சமஸ்கிருதத்திலிருந்து மலாய்க்குப் போன சொல். போகிற வழியில் கல் மட்டும் மாறிவிட்டது. நவரத்தினத்தில் வைடூரியம் என்று நாம் சொல்வது பூனைக்கண் மாதிரி ஒளிக்கோடு ஓடும் கல். அதைக் கேதுவுக்கு உரியது என்பார்கள். மலாயில் அதே பெயர் ஓப்பலுக்குப் போய்விட்டது. ஆக, ஃபோர்னாக்ஸ் என்ற தென்வான நட்சத்திரக் கூட்டத்தில், 150 ஒளியாண்டுக்கும் சற்று அதிகமான தூரத்தில், நம் கோவில் வாசலில் கேட்கும் ஒரு சொல் கோளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இதை வைத்து யாராவது மோதிரம் விற்க வந்தால் வாங்காதீங்க. அந்தக் கோளுக்கும் கேதுவுக்கும் உள்ள உறவு அந்தப் பெயரோடு முடிந்துவிட்டது.

இந்தான் நம் சூரியனைவிடச் சிறிய நட்சத்திரம். எடை சூரியனில் 0.78 பங்கு. மேற்பரப்பு வெப்பம் சுமார் 4,800 கெல்வின்; சூரியனுக்கு 5,770. அதனால் கொஞ்சம் ஆரஞ்சு நிறம். ஒளி சூரியனின் மூன்றில் ஒரு பங்குதான். அதைச் சுற்றும் பைடூரியின் எடை குறைந்தது வியாழனைப் போல இரண்டு மடங்கு. வியாழன் ஒன்றே பூமியைப் போல 318 மடங்கு எடை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இது எவ்வளவு பெரியது என்று புரியும். ஒரு சுற்று முடிக்க 380.85 நாள். நம் ஆண்டைவிடப் பதினைந்தரை நாள்தான் கூடுதல்.

'குறைந்தது' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்க. ஏன் சரியான எடையைச் சொல்லாமல் 'குறைந்தது' என்று சொல்கிறேன் என்பது இந்தப் பாடத்தின் முக்கியமான இடம்.

யாரும் பார்க்காத ஒன்று

படிப்பு வட்டத்தில் இதைச் சொன்னபோது படிவம் நான்கு படிக்கும் ஒரு தங்கை கேட்டாள்: "அண்ணா, அந்தக் கோளை யாராவது போட்டோ எடுத்திருக்காங்களா?" இல்லை என்றேன். "அப்போ இருக்குன்னு எப்படித் தெரியும்? யாருமே பார்க்காத ஒன்னுக்குப் பேரு வெச்சிட்டு, நாளைக்கு இல்லைன்னு ஆகிட்டா என்ன பண்ணுவாங்க?"

எனக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடித்தது. பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டாக இயந்திரப் பொறியியல் படிக்கிறேன். இவ்வளவு நேரான கேள்வி விரிவுரை மண்டபத்தில்கூட அபூர்வம். இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும். 'விஞ்ஞானிங்க சொல்லிட்டாங்க' என்று சொன்னால் அது பதில் இல்லை, இன்னொரு வகை மூடநம்பிக்கை.

சின்ன வயதில் எல்லோரும் தட்டாமாலை சுற்றியிருப்போம். ஒரு பெரியவர் ஒரு குழந்தையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சுற்றுகிறார் என்று வையுங்கள். குழந்தை பெரிய வட்டம் போடும். பெரியவர் அப்படியே நிற்கிறாரா? இல்லை. பின்பக்கம் சாய்ந்துகொண்டு அவரும் ஒரு சின்ன வட்டம் போடுவார். இப்போது குழந்தையை இருட்டில் மறைத்துவிட்டு பெரியவரை மட்டும் பார்த்தால்கூட, அவர் தள்ளாடுவதை வைத்தே கையில் யாரோ இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். எவ்வளவு நேரத்துக்கு ஒரு சுற்று என்றும் தெரியும். எவ்வளவு பலமாகச் சாய்கிறார் என்று பார்த்தால் குழந்தையின் எடையையும் கணக்குப் போடலாம்.

நட்சத்திரமும் கோளும் இதே மாதிரிதான். கோள் நட்சத்திரத்தைச் சுற்றுகிறது என்று நாம் சொல்வது சுருக்கமான பேச்சு. உண்மையில் இரண்டும் பொதுவான ஒரு எடை மையத்தைச் சுற்றுகின்றன. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தான் போடும் அந்தச் சின்னப் பாதையின் சராசரி ஆரம் ஏறத்தாழ 3 லட்சத்து 45 ஆயிரம் கிலோமீட்டர். பூமிக்கும் நிலாவுக்கும் உள்ள தூரத்தைவிடக் குறைவு. 150 ஒளியாண்டுக்கு அப்பால் இருந்து இந்த ஆட்டத்தை நேராகப் பார்ப்பது சாமானிய காரியம் இல்லை.

அதனால் இடத்தைப் பார்க்காமல் வேகத்தைப் பார்க்கிறார்கள். ராத்திரியில் மாட் ரெம்பிட் பையன்கள் மோட்டாரில் வீட்டைக் கடந்து போகும் சத்தத்தைக் கேட்டிருப்பீர்கள். வரும்போது கீச்சென்று, கடந்து போனதும் சட்டென்று இறங்கிவிடும். கண்ணை மூடிக்கொண்டே வருகிறானா, போகிறானா என்று சொல்லிவிடலாம். ஒளிக்கும் இதே கதைதான். நட்சத்திரம் நம் பக்கம் வரும்போது அதன் ஒளி நீலப் பக்கம் கொஞ்சம் நகரும், விலகிப் போகும்போது சிவப்புப் பக்கம் நகரும். இதுதான் டாப்ளர் விளைவு. நட்சத்திரத்தின் ஒளியைப் பட்டகம் மாதிரி பிரித்தால் நடுநடுவே ஆயிரக்கணக்கான கருங்கோடுகள் தெரியும். அந்தக் கோடுகள் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தன என்று அளந்தால் வேகம் கிடைத்துவிடும்.

இந்தானின் வேகம் தன் சராசரியிலிருந்து ஏறத்தாழ நொடிக்கு 100 மீட்டர் மாறுகிறது. அதாவது மணிக்கு 360 கிலோமீட்டர், ஒரு ஃபார்முலா ஒன் பந்தயக் காரின் உச்ச வேகம். ஒரு நட்சத்திரம் இந்த வேகத்தில்தான் முன்னும் பின்னும் ஆடுகிறது. அதைப் பூமியில் உட்கார்ந்துகொண்டு அளந்திருக்கிறார்கள்.

இங்கே என் பொறியியல் மூளை கொஞ்சம் உட்கார்ந்து ரசித்தது, அதனால் நீங்களும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்க. அளந்த கருவியின் பெயர் ஹார்ப்ஸ். தென் அமெரிக்காவில் சிலி நாட்டு லா சில்லா மலையில், 3.6 மீட்டர் தொலைநோக்கியோடு 2003-இல் வேலையைத் தொடங்கியது. நொடிக்கு 1 மீட்டர் வேகம், அதாவது நாம் நிதானமாக நடக்கும் வேகத்தைக்கூடக் கண்டுபிடிக்கும் கருவி. அந்த 1 மீட்டர் வேகத்துக்கு ஒளிக்கோடு கருவியின் உள்ளே நகரும் தூரம் எவ்வளவு தெரியுமா? ஒரு பிக்சலின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு. மில்லிமீட்டரைப் பத்து லட்சமாக வெட்டினால் அதில் சுமார் 15 துண்டு.

ஒரு மீட்டர் நீள இரும்பு 1 டிகிரி சூடானால் சுமார் 12 மைக்ரோமீட்டர் நீளும் என்று முதலாம் ஆண்டிலேயே படித்தோம். 0.01 டிகிரிக்கு 0.12 மைக்ரோமீட்டர். அதுவே மேலே சொன்ன நகர்வைவிட எட்டு மடங்கு பெரியது! அதனால் ஹார்ப்ஸ் கருவியைக் காற்றில்லாத ஒரு பெரிய தொட்டிக்குள் வைத்து, 0.01 டிகிரி அளவுக்கு வெப்பம் மாறாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அதுவும் போதாது என்று நட்சத்திர ஒளி உள்ளே வரும் அதே நேரத்தில் தோரியம்-ஆர்கான் விளக்கின் ஒளியையும் பக்கத்திலேயே விடுகிறார்கள். அந்த விளக்கின் கோடுகள் நகரக் கூடாது. நகர்ந்தால் கருவிதான் நகர்ந்தது என்று அர்த்தம், அவ்வளவையும் கழித்துவிடலாம். நம் பாட்டிமார் தராசைத் தூக்கிப் பார்த்து, வெறுந்தட்டு சமமாக நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் சாமான் போட விடுவார்கள். அதே எச்சரிக்கைதான்.

இல்லாமல் போன ஒரு கோள்

"நாளைக்கு இல்லைன்னு ஆகிட்டா?" என்று அந்தத் தங்கை கேட்டதற்கு வருகிறேன். அப்படி ஆகியிருக்கிறது.

1991-இல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜோட்ரல் பேங்க் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ லைனும் அவர் குழுவினரும் ஒரு கோளைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார்கள். பல்சார் என்னும் செத்துப்போன நட்சத்திரம் ஒன்றைச் சுற்றும் கோள். உலகமெங்கும் செய்தி. சுற்றும் காலம் ஆறு மாதம் என்றார்கள். கொஞ்சம் யோசியுங்க: ஆறு மாதம், சரியாகப் பூமியின் ஆண்டில் பாதி. இது ஒரு மணி அடிக்க வேண்டிய எண்.

பூமியே சூரியனை நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. ஓடுகிற பேருந்திலிருந்து இன்னொரு பேருந்தின் வேகத்தை அளப்பது மாதிரி, எந்த நட்சத்திரத்தை அளந்தாலும் நம் ஓட்டத்தை முதலில் கழிக்க வேண்டும். லைன் குழுவினரும் கழித்திருந்தார்கள். ஆனால் பூமியின் பாதை சரியான வட்டமில்லை, இலேசான நீள்வட்டம் என்பது அந்தக் கணக்கில் முழுமையாகச் சேரவில்லை. அந்த மிச்சம்தான் கோள் மாதிரி வேஷம் போட்டது. லைன் மறுபடியும் கணக்கைப் பார்த்தார். கோள் மறைந்துவிட்டது.

1992 ஜனவரி. அமெரிக்க வானியல் கழகத்தின் கூட்டம். தன் கோளைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் ஏறி, அப்படி ஒரு கோள் இல்லை, எங்கள் கணக்கில் பிழை என்று லைன் சொன்னார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. அவருக்கு அடுத்து பேச வந்தவர் அலெக்சாண்டர் வோல்ஸ்சான். வேறொரு பல்சாரைச் சுற்றும் கோள்களைப் பற்றி அவர் பேசினார். அவை இன்றைக்கும் நிற்கின்றன.

இப்போது பைடூரிக்கு வருவோம். அதன் ஆண்டு 380.85 நாள், நம் ஆண்டு 365.25 நாள். கிட்டத்தட்ட ஒன்று! லைன் கதையைக் கேட்ட யாருக்கும் சந்தேகம் வரத்தான் வேண்டும். இதுவும் பூமியின் ஓட்டம் போட்ட வேஷமாக இருந்தால்? இருக்க முடியாது. அந்த 15.6 நாள் வித்தியாசம்தான் முதல் சாட்சி. பூமியின் பிழை என்றால் ஆண்டுதோறும் ஒரே தேதியில் வர வேண்டும். இது ஒவ்வொரு முறையும் பதினைந்தரை நாள் தள்ளித் தள்ளி வருகிறது. நான்கு முறைக்குள் இரண்டு மாதம் தள்ளிவிடும். இரண்டாவது, பூமியின் பாதை ஏறக்குறைய வட்டம், அதன் பிழை மெதுவாக ஏறி இறங்கும் அலையாகத்தான் இருக்கும். இந்தானின் வேகமோ பல மாதம் சும்மா கிடந்துவிட்டு, சில வாரத்துக்குள் தடாலென்று குதித்துத் திரும்புகிறது. மூன்றாவது, அதே கருவி அதே இரவுகளில் நூற்றுக்கணக்கான வேறு நட்சத்திரங்களையும் பார்க்கிறது. கணக்கில் பொதுவான பிழை இருந்தால் எல்லாவற்றிலும் தெரிந்திருக்கும்.

பல ஆண்டு பொறுமையாகப் பார்த்த பிறகுதான், 2008-இல், இதையும் சேர்த்து ஆறு பெருங்கோள்களை ஹார்ப்ஸ் குழு அறிவித்தது. பெயர் கிடைக்க இன்னும் 11 ஆண்டு ஆனது.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் வாட்ஸ்அப் குழுக்களில் 'நம் முன்னோர் அப்போதே எல்லாக் கோளையும் கண்டுபிடித்துவிட்டார்கள்' என்று வாரம் ஒரு செய்தி வருகிறது. எனக்கு அதைப் பார்த்தால் கஷ்டமாக இருக்கும். ஏனென்றால் உண்மையிலேயே அவர்கள் செய்த வேலை அதில் மறைந்துபோகிறது. ராகு, கேதுவை எடுத்துக்கொள்ளுங்க. பஞ்சாங்கக் கணக்கில் அவை உருண்டையான பொருள்கள் இல்லை. வானத்தில் நிலாவின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள். அந்தப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான் கிரகணம் வரும். கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியை, அது உண்டாக்கும் விளைவை வைத்துக் கணக்குப் போட்டு, அடுத்த கிரகணம் எப்போது என்று சொல்லியிருக்கிறார்கள். சொன்ன நாளில் வந்தால் கணக்கு சரி, வராவிட்டால் கணக்கைத் திருத்த வேண்டும். இதுதான் பெருமை. செய்யாத வேலையை அவர்கள் தலையில் கட்ட வேண்டிய அவசியமே இல்லை.

ஏழு மடங்கு ஓட்டம்

படிவம் 4 இயற்பியலில் மூன்றாம் அத்தியாயம் ஈர்ப்பு. அதில் கெப்ளரின் மூன்று விதிகள் இருக்கும். தேர்வுக்கு மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். அந்த விதிகளை வைத்தே பைடூரிக்கு ஒரு பயணம் போகலாம். ஒரு கால்குலேட்டர் போதும்.

மூன்றாம் விதியை இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: காலத்தின் வர்க்கத்தை நட்சத்திரத்தின் எடையால் பெருக்கினால் தூரத்தின் கனம் கிடைக்கும். காலத்தை ஆண்டிலும், எடையைச் சூரியனின் மடங்கிலும், தூரத்தை வானியல் அலகிலும் போட வேண்டும். ஒரு வானியல் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரி தூரம், சுமார் 15 கோடி கிலோமீட்டர்.

380.85-ஐ 365.25-ஆல் வகுத்தால் 1.043. அதன் வர்க்கம் 1.087. இந்தானின் எடை 0.78-ஆல் பெருக்கினால் 0.848. அதன் கனமூலம் 0.947. ஆக, பைடூரியின் சராசரி தூரம் 0.947 வானியல் அலகு. பூமி இருக்கும் தூரம்தான்! ஆராய்ச்சிக் கட்டுரையில் உள்ள எண்ணும் இதுவேதான்.

'ஓ, அப்போ பூமி மாதிரி இதமா இருக்குமோ' என்று நினைக்கத் தோன்றும். சராசரியை நம்பினால் இப்படித்தான் ஏமாறுவோம். பைடூரியின் பாதை வட்டமே இல்லை, நன்றாக இழுத்துவிட்ட நீள்வட்டம். பாதை எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதற்கு மையப்பிறழ்வு என்று ஒரு எண் உண்டு. முழு வட்டத்துக்கு 0. பூமிக்கு 0.017, வியாழனுக்கு 0.049, நம் கோள்களில் மிகவும் கோணலான புதனுக்கே 0.206. பைடூரிக்கு 0.75.

கிட்ட வரும்போது தூரம் 0.947-இல் கால் பங்கு, அதாவது 0.237 வானியல் அலகு. தள்ளிப் போகும்போது 0.947-ஐ 1.75-ஆல் பெருக்க வேண்டும், 1.657. நம் சூரியக் குடும்பத்தில் கொண்டுவந்து வைத்தால், ஒரு முனையில் புதனையும் தாண்டி உள்ளே போய்விடும்; இன்னொரு முனையில் செவ்வாய் மிகத் தள்ளி இருக்கும் இடம்வரை வெளியே போய்விடும். வியாழனைப் போல இரண்டு மடங்கு எடையுள்ள ஒன்று ஒவ்வோர் ஆண்டும் நம் பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் பூமியின் கதி என்ன? எப்போதோ தூக்கி எறியப்பட்டிருப்போம்.

இரண்டு தூரத்துக்கும் உள்ள விகிதம் சரியாக 7. வேகமும் அதே விகிதத்தில் மாறும். தள்ளி இருக்கும்போது நொடிக்கு சுமார் 10 கிலோமீட்டர், கிட்ட வரும்போது சுமார் 72 கிலோமீட்டர். இதைத்தான் கெப்ளரின் இரண்டாம் விதி 'சம நேரத்தில் சம பரப்பு' என்று அலங்காரமாகச் சொல்கிறது. நான் ஒரு மாலை உட்கார்ந்து இதைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். இந்தானுக்குக் கிட்ட உள்ள பக்கத்தில் அரைச் சுற்று முடிக்கப் பைடூரிக்கு 27 நாள்தான் ஆகிறது. மறுபக்கத்து அரைச் சுற்றுக்கு 353 நாள்! ஆண்டு முழுக்க வெளியே மெதுவாக ஊர்ந்துவிட்டு, ஒரு மாதத்துக்குள் உள்ளே பாய்ந்து திரும்பிப் போகிறது. நட்சத்திரத்தின் வேகம் சில வாரத்துக்குள் குதிக்கிறது என்று முன்னால் சொன்னேனே, அது இந்த 27 நாள்தான்.

வெப்பம் தூரத்தின் வர்க்கத்துக்கு எதிராக மாறும். ஏழுக்கு ஏழு 49. கிட்ட வரும்போது நமக்குச் சூரியனிலிருந்து கிடைப்பதுபோல் ஐந்து மடங்குக்கும் மேல் வெப்பம். தள்ளிப் போனால் நமக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. நம் ஊரில் மழைக்காலம், வெயில்காலம் என்று இரண்டை வைத்துக்கொண்டே இவ்வளவு புலம்புகிறோம். நிற்கத் தரை இல்லாத வாயுக்கோளில் இந்த ஏற்ற இறக்கம் காற்றையும் மேகத்தையும் எப்படிக் கலக்கும் என்று நினைத்துப் பாருங்க.

பாதை ஏன் இப்படி ஆனது? கோள்கள் பிறக்கும்போது நட்சத்திரத்தைச் சுற்றி வாயுவும் தூசியும் உள்ள தட்டு ஒன்றில் பிறக்கின்றன. அந்தத் தட்டில் பாதைகள் ஏறக்குறைய வட்டமாகத்தான் இருக்கும். பிறகு இரண்டு, மூன்று பெருங்கோள்கள் ஒன்றையொன்று இழுத்துத் தள்ளினால், ஒன்று வெளியே எறியப்பட்டு மற்றது இப்படி நீண்ட பாதையில் சிக்கிக்கொள்ளும். கணினியில் ஓட்டிப் பார்க்கும்போது இது அடிக்கடி நடக்கிறது. தொலைவில் வேறொரு துணை நட்சத்திரம் மெதுவாக இழுத்தாலும் பாதை நீளலாம். எப்படியோ, நம் வியாழன் சாதுவாக வெளியே வட்டம் போட்டுக்கொண்டிருப்பது நமக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம்.

'குறைந்தது' ஏன்?

டாப்ளர் முறை நமக்கு நேராக வரும், போகும் வேகத்தை மட்டும்தான் காட்டும். பக்கவாட்டில் போவது தெரியாது. பைடூரியின் பாதை நம் பார்வைக்கு விளிம்பாக இருந்தால் முழு வேகமும் நமக்குத் தெரிந்துவிடும். பாதை சாய்ந்திருந்தால் ஒரு பகுதிதான் தெரியும், உண்மையான வேகம் அதைவிடப் பெரியது. அப்படியானால் எடையும் பெரியது. சாய்வு எவ்வளவு என்பது இந்த முறையில் கிடைக்காது. சைன் 30 டிகிரி என்றால் 0.5, இல்லையா? சாய்வு அந்த அளவில் இருந்தால் பைடூரி வியாழனைப் போல நான்கு மடங்கு எடை. அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் 1.99 மடங்கு என்ற எண்ணுக்கு முன்னால் எப்போதும் 'குறைந்தபட்சம்' போடுகிறார்கள்.

சிங்கப்பூரின் விகுலஸ் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தது. அது 2.7 நாளுக்கு ஒருமுறை தன் நட்சத்திரத்தின் முகத்துக்குக் குறுக்கே போகிறது. அப்போதெல்லாம் நட்சத்திரத்தின் ஒளி இலேசாக மங்கும். எவ்வளவு மங்குகிறது என்று பார்த்தால் கோளின் அகலம் தெரியும். குறுக்கே போகிறது என்பதாலேயே பாதை விளிம்பாக இருக்கிறது என்றும் தெரியும், அதனால் எடையில் 'குறைந்தது' போட வேண்டியதில்லை. வியாழனைப் போல சுமார் 3.6 மடங்கு. பைடூரிக்கு அப்படி ஒரு மங்கல் கிடைக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்லலாம்: வாயுக்கோள்களின் எடை இரண்டு, மூன்று மடங்கு ஏறினாலும் அகலம் பெரிதாக ஏறாது, உள்ளே இன்னும் இறுகிக்கொள்ளும். எடையில் இரட்டிப்பானாலும் பைடூரி பார்ப்பதற்கு வியாழன் அளவில்தான் இருக்கும்.

ஜனவரி மாதத்துக்கு ஒரு வேலை

மார்கழித் திருவாதிரைக்குக் கோவிலுக்குப் போகிறோம். அந்தத் திருவாதிரை நட்சத்திரத்தையே வானத்தில் பார்த்தவர்கள் எத்தனை பேர்? ஓரியன் கூட்டத்தில் சிவப்பாக மின்னும் பெட்டல்ஜூஸ்தான் அது. ஜனவரி மாத இரவு ஒன்பது மணி வாக்கில் அதை முதலில் கண்டுபிடியுங்கள். பிறகு முகத்தைத் தெற்கே திருப்பி, தொடுவானத்திலிருந்து உச்சிக்குப் போகும் தூரத்தில் பாதியைவிடக் கொஞ்சம் மேலே பாருங்கள். பிரகாசமான நட்சத்திரமே இல்லாத, காலி மாதிரி தெரியும் ஒரு பகுதி இருக்கும். அங்கேதான் ஃபோர்னாக்ஸ், அதற்குள் இந்தான்.

வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதன் ஒளி அளவு 9.9, நல்ல இருட்டிலேயே நம் கண்ணுக்கு 6 வரைதான் எட்டும். 4 அங்குலத் தொலைநோக்கி இருந்தால் ஒரு சிறு புள்ளியாகத் தெரியும். நகர வெளிச்சம் இல்லாத இடம் வேண்டும், தோட்டப்புறத்தில் உறவினர் வீடு இருப்பவர்கள் இதில் பாக்கியசாலிகள். கைப்பேசியில் ஸ்டெல்லேரியம் செயலியைப் போட்டு எச்டி 20868 என்று தேடினால் சரியான இடத்தைக் காட்டும். அந்தப் புள்ளியில் பைடூரி தெரியாது. ஆனால் அந்த ஒளி 150 ஆண்டுக்கும் முன்னால், நம் பாட்டன் பூட்டன் இங்கே கப்பலில் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலத்தில் கிளம்பியது.

மேகம் மூடிவிட்டால் வீட்டுக்குள் இருந்தே செய்ய ஒரு கணக்கு தருகிறேன். சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோளாக முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 51 பெகாசி பி. 1995 அக்டோபரில் மிஷேல் மயோரும் திதியே கெலோவும் அறிவித்தார்கள்; 2019-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதுவும் பெருங்கோள்தான், எடை வியாழனில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு சுற்றுக்கு வெறும் 4.23 நாள். நட்சத்திரத்தின் எடை சூரியனைப் போல 1.1 மடங்கு. மேலே செய்ததுபோல் கெப்ளரின் மூன்றாம் விதியைப் போட்டு, கோள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். விடை 0.05 வானியல் அலகுக்குக் கிட்ட வர வேண்டும். 2.7 என்று வந்தால் நாளை ஆண்டாக மாற்றாமல் போட்டிருக்கிறீர்கள், மறுபடியும் போட்டுப் பாருங்க.